குதிரைக்கு லாடத்த கழட்டி வெறுங்குளம்போட நடக்க வைக்கப் போறீங்களா? மொதல்ல இத படிங்க

லாடத்த கழட்டுறது அரை மணி நேர வேலை தான், ஆனா குளம்பு மாசத்துக்கு 6ல இருந்து 10 மில்லிமீட்டர் தான் வளரும், அதனால முன்பக்கம் மேல முடி ஓரத்துல முளைக்கிற புதுக் குளம்பு தரையைத் தொடுறதுக்கு 9 மாசத்துல இருந்து 12 மாசம் ஆயிடும். இந்தக் கணக்க யோசிக்காம கழட்டிட்டு ரெண்டே வாரத்துல நொண்டுதுன்னு சொல்லி திரும்ப லாடம் அடிக்கிறவங்க நிறைய பேரு, அதவிட மோசம் "பழகிடும் விடு"ன்னு வலியோடயே நடக்க வைக்கிறது.

அந்த ரெண்டாவது தப்ப நான் பண்ணிருக்கேன். என் பெட்டைக் குதிரைக்கு நாலு காலையும் ஒரே நாள்ல கழட்டிட்டு மறுநாளே ஜல்லி போட்ட பாதையில கூட்டிட்டுப் போனேன். அது தலைய கீழ தொங்கப் போட்டுட்டு, குட்டிக் குட்டி அடியா வச்சு, ஒவ்வொரு தடவையும் கால வைக்கிறதுக்கு முன்னாடி தரையைத் தேடித் தேடி, பாதை ஓரத்துல இருக்குற புல்லு பக்கமே என்னை இழுத்துட்டுப் போச்சு. நான் அத அடம்னு நெனச்சு திரும்ப நடுப்பாதைக்கு இழுத்தேன். கிட்டத்தட்ட ரெண்டு வாரம் அப்படியே போச்சு, விவரம் தெரிஞ்ச ஒருத்தரு வந்து பாத்துட்டு "இதுக்கு வலிக்குதுங்க"ன்னு ஒரே வார்த்தை தான் சொன்னாரு. அதனால இந்தப் பதிவுல நான் திரும்பத் திரும்ப ஒண்ணே தான் சொல்லுவேன், வெறுங்குளம்புக்கு மாறுறதுல வலிய தாங்கிக்கணும்ங்கிற கட்டமே கெடையாது, வலிச்சா நம்ம வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

ஏன் வலிக்குதுன்னு புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். லாடம் இருக்கும்போது எடை முழுக்க குளம்போட வெளிச் சுவர் மேலயே நிக்கும், அடிப்பாகமும் அதுக்கு நடுவுல முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்குமே ஃப்ராக், அதுவும் தரையில இருந்து தூக்கியே இருக்கும். வருஷக்கணக்கா வேலை இல்லாம ஃப்ராக் சுருங்கிடும், அதுக்கு மேல குதிகால் பக்கம் இருக்குற மெத்தை மாதிரி சதையும் பலம் இல்லாம போயிடும், அடிப்பாகமும் மெலிசாவே நிக்கும். திடீர்னு லாடம் போனா இது எல்லாம் ஒரே நாள்ல எடைய தாங்கணும். அடிப்பாகம் 15 மில்லிமீட்டர் கிட்ட தடிமன் இருந்தா குதிரை ஓரளவு நல்லாவே நடக்கும், 10க்கு கீழ போச்சுன்னா சின்னக் கல்லு கூட குத்தும். இத வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது, அதனால முடிஞ்சா கழட்டுறதுக்கு முன்னாடி டாக்டர வச்சு சைடுல இருந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க. எவ்வளவு தடிமன் இருக்கு, உள்ள இருக்குற எலும்பு சரியான கோணத்துல நிக்குதான்னு ரெண்டும் அதுலயே தெரிஞ்சிடும், எத்தனை மாசம் பொறுமையா இருக்கணும்னு ஒரு அந்தாஜும் கிடைக்கும்.

எல்லா குதிரைக்கும் இது சரி வராது. லாமினைட்டிஸ், அதாவது குளம்புச் சுவரையும் உள் எலும்பையும் பிடிச்சிருக்குற அடுக்கு வீங்கி வலிக்கிற நோய், வந்து இன்னும் ஆறாம இருக்குறது, டாக்டர் சொல்லி மருத்துவ லாடம் போட்டிருக்குறது, தெனமும் கரடுமுரடான ரோட்டுல மணிக்கணக்கா வேலை செய்யுறது, இதெல்லாம் இருந்தா மொதல்ல டாக்டர்கிட்டயும் லாடம் அடிக்கிறவர்கிட்டயும் ஒக்காந்து பேசுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இப்போ சாப்பாடு. இத கடைசியா தான் எல்லாரும் யோசிக்கிறாங்க, ஆனா என்னக் கேட்டா கழட்டுறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே இங்க இருந்து தான் ஆரம்பிக்கணும், ஏன்னா சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகமா போற குதிரைக்கு குளம்புச் சுவரையும் உள் எலும்பையும் சேத்துப் பிடிக்கிற அடுக்கு தளர ஆரம்பிச்சிடும், வெளிய நொண்டல் தெரியாது, ஆனா கல்லு மேல மட்டும் தயங்கும். நாம அடிப்பாகம் மெலிசுன்னு நெனச்சுட்டு இருப்போம், காரணம் தீவனத்தொட்டியில இருக்கும். வெல்லப்பாகு கலந்த தீவனம், தானியம் எல்லாத்தையும் கொறச்சிட்டு காய்ஞ்ச புல்ல முக்கிய சாப்பாடா ஆக்குங்க, ஒரு நாளைக்கு உடம்பு எடையில 1.5ல இருந்து 2 சதவீதம், அதாவது 400 கிலோ குதிரைக்கு 6ல இருந்து 8 கிலோ. குண்டா இருக்குற குதிரை, லாமினைட்டிஸ் பயம் இருக்குற குதிரைன்னா சர்க்கரையும் மாவுச்சத்தும் சேந்து 10 சதவீதத்துக்குள்ள இருக்குற புல்லு தான் வேணும், அந்த மாதிரி கிடைக்கலன்னா தண்ணியில 30 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு குடுங்க, கொஞ்சம் சர்க்கரை அதுலயே போயிடும். பச்சைப் புல்லுல வெயில் ஏற ஏற சர்க்கரை ஏறும், அதனால மேய விடுறதா இருந்தா விடியக்காலை நல்லது, ராத்திரி உறைபனி விழுந்த காலையில மட்டும் வேணாம்.

காப்பர், ஜிங்க் ரெண்டும் நல்ல குளம்புக்கு கண்டிப்பா வேணும், வெறும் புல்லுல பெரும்பாலும் பத்தாது. பயோட்டின் தெனம் 20 மில்லிகிராம் வரைக்கும் குடுக்கிறாங்க, அது பலன் குடுக்கவே ஆறு மாசத்துக்கு மேல ஆகும், அதுவும் புதுசா வளர்ற பாகத்துல தான் தெரியும். செலினியம் மட்டும் அளவு தெரியாம குடுத்துடாதீங்க ப்ளீஸ், அது ஜாஸ்தியானா குளம்பே கழண்டு வர்ற அளவுக்கு விஷம்.

கழட்டுற நாளுக்கு வருவோம். வேலை கம்மியா இருக்குற காலமா பாத்து, வழக்கமா லாடம் மாத்துற தேதி வரும்போது கழட்டுங்க, அப்போ தான் சுவர் கொஞ்சம் வளர்ந்து உயரமா இருக்கும். அதுக்கு முந்தின தடவை லாடம் அடிக்கும்போதே "அடிப்பாகத்த சீவ வேணாம், ஃப்ராக்க வெட்ட வேணாம்"னு சொல்லி வச்சிடுங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா லாடத்துக்காக தயார் பண்றப்போ அடிப்பாகத்த சுத்தமா தெரியுற மாதிரி சீவுறது நிறைய பேருக்கு பழக்கம், நமக்கு இப்போ அந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேணும். கழட்டும்போது வெளிய மடிச்சு வச்சிருக்குற ஆணி முனைய மொதல்ல ராவி எடுத்துட்டு, ஆணிய ஒண்ணொண்ணா உருவுறது தான் சுவர் உடையாம இருக்க நல்ல வழி. மொத்தமா நெம்பி எடுக்குறதா இருந்தா குதிகால் பக்கம் ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி உள்பக்கமா நெம்பணும், வெளிப்பக்கமா முறுக்குனா சுவரோட ஒரு துண்டும் சேந்து வந்துடும். அப்புறம் சுவரோட ஓரத்த சுத்தி அரத்தால ராவி உருண்டையா விடணும், கூர்மையான ஓரத்த அப்படியே விட்டா ஆணி ஓட்டை இருக்குற எடத்துல தெறிச்சு உடையும். இதெல்லாம் உங்களுக்கு கை பழக்கம் இல்லன்னா தெரிஞ்சவர வச்சே பண்ணுங்க, ஒரு தப்பு வெட்டு வெட்டுனா அது வளர்ந்து மறைய மாசக்கணக்கா ஆகும்.

இன்னொண்ணு, நாலையும் சேத்து கழட்ட வேண்டிய கட்டாயம் இல்ல. எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால் மேல தான் இருக்கு, அதனால பின்னங்கால் லாடத்த மட்டும் மொதல்ல கழட்டிட்டு ஒண்ணு ரெண்டு ட்ரிம் (குளம்ப வெட்டி ராவி சரி பண்றது) போனதும் முன்னங்கால் லாடத்த கழட்டுங்க. எனக்கு அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு அவ்வளவு கஷ்டப்பட்டிருக்காது.

முன்னங்கால் லாடம் கழட்டுறதுக்கு முன்னாடியே பூட்ஸ் ரெடியா இருக்கணும். குதிரைக்குன்னே ரப்பர் மாதிரி பொருள்ல குளம்பு பூட்ஸ் வருது, ட்ரிம் பண்ண அன்னைக்கே நீளமும் அகலமும் மில்லிமீட்டர்ல அளந்து வாங்குங்க, ரெண்டு காலும் ஒரே அளவுன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் இருக்காது. உள்ள ஒரு ஃபோம் பேட் போட்டா ஃப்ராக்குக்கு மெதுவா அழுத்தம் கிடைக்கும், வலியில்லாம வேலை பாக்க ஆரம்பிக்கும். மொதல் நாள் 15, 20 நிமிஷம் நடக்க வச்சு கழட்டி தோல் எங்கயாச்சும் செவந்திருக்கா, முடி தேஞ்சிருக்கான்னு பாருங்க. போட்டுட்டு அப்படியே விட்டுடாதீங்க, உள்ள ஈரம் நின்னா குளம்பு ஊறி மெத்துனு ஆயிடும், தெனம் கழட்டி காய விடணும்.

பூட்ஸ் இல்லாம நடக்குறத வழவழன்னு இருக்குற தரையில ஆரம்பிங்க. கெட்டியான தரைன்னா பயப்படுறாங்க, ஆனா நல்லா சமமா இருக்குற தார் ரோடு ஜல்லிய விட எவ்வளவோ மேல், கூரான கல்லு தான் எதிரி. தெனம் 10 நிமிஷம் கையில புடிச்சு நடத்துங்க, வாரம் போகப் போக கூட்டுங்க. தண்ணித் தொட்டிய சுத்தி உருண்டைக் கூழாங்கல்லு, 6ல இருந்து 10 மில்லிமீட்டர் சைஸ், ஒரு சாண் ஆழத்துக்கு கொட்டி வச்சா குதிரை அதுவா வந்து நின்னு பழகும், கால் பதிஞ்சு அடிப்பாகம் பூரா தாங்கல் கிடைக்கும். இது புதுசு இல்ல, சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கத் தளபதி செனபோன், குளம்பு கெட்டிப்பட லாயத்துக்கு வெளிய உருண்டைக் கல்ல பரப்பி வைக்கச் சொல்லிருக்காரு.

சரியா போகுதான்னு எப்படி தெரியும்? ஃபோன தரையோட தரையா வச்சு, குதிரை சைடுல நடந்து போறத ஸ்லோமோஷன்ல எடுங்க. குதிகால் மொதல்ல படுது, இல்ல மொத்தமா சமமா படுதுன்னா நல்லது. முன் நுனி மொதல்ல படுதுன்னா பின்பக்கம் ஏதோ வலிக்குது, பெரும்பாலும் ஃப்ராக்ல த்ரஷ், அதாவது கிருமியால வர்ற அழுகல், இருக்கும். நடுப்பள்ளத்துல ஒரு பஞ்சு குச்சிய விட்டுப் பாருங்க, ஆழமா உள்ள போயி கறுப்பா வந்து, அழுகுன நாத்தம் அடிச்சா அது தான், அந்த நாத்தத்த ஒரு தடவை மோந்தா மறக்கவே மாட்டீங்க. கழுவி, நல்லா காய வச்சு, டாக்டர் சொல்ற மருந்த பள்ளத்துக்குள்ள போற மாதிரி போடுங்க, ஃபார்மலின் ப்ளீச் மாதிரி எரிக்கிறத ஊத்தாதீங்க, உயிர் சதையும் சேந்து வெந்துடும்.

நாடி பாக்கவும் இப்பவே கத்துக்கோங்க. குளம்புக்கு மேல வெளிய புடைச்சு தெரியுற மூட்டு ஃபெட்லாக், அதோட பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் விரல லேசா வச்சா துடிப்பு தெரியும், நல்லா இருக்குற குதிரைக்கு தேடித் தான் கண்டுபிடிக்கணும். விரல தட்டுற மாதிரி பலமா அடிச்சா, குளம்பும் சூடா இருந்தா பிரச்சனை. ஒரே கால்ல திடீர்னு ஊனவே முடியாத நொண்டல்னா உள்ள சீழ் கட்டிருக்கலாம், ரெண்டு முன்னங்காலையும் முன்னால நீட்டி பின்னால சாஞ்சு நிக்குது, திரும்பவே மாட்டேங்குதுன்னா லாமினைட்டிஸ். ரெண்டுக்கும் அன்னைக்கே டாக்டர கூப்பிடுங்க, இது "மாறுற காலத்துல இப்படித் தான்"னு யாரு சொன்னாலும் கேக்காதீங்க.

ட்ரிம் 4ல இருந்து 6 வாரத்துக்கு ஒரு தடவை, தள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் சைடுல இருந்தும் அடியில இருந்தும் ஃபோட்டோ எடுத்து வைங்க. மூணு நாலு மாசத்துல முடி ஓரத்துல இருந்து புதுக் குளம்பு வேற கோணத்துல, இன்னும் இறுக்கமா இறங்கி வர்றது தெரியும், பழசும் புதுசும் சேர்ற எடத்துல ஒரு கோடு இருக்கும். என் குதிரைக்கு அந்தக் கோடு மாசாமாசம் கீழ எறங்குறத விரலால தடவிப் பாப்பேன், கடைசி ஆணி ஓட்டை வளர்ந்து வெளிய போனப்போ ஓரம் தெறிக்கிறதும் நின்னுச்சு. பதினோராவது மாசம் அதே ஜல்லிப் பாதை, கயித்த லூசா விட்டேன், புல்லு பக்கம் திரும்பவே இல்ல, காத முன்னால வச்சுட்டு நடுவுலயே நடந்துச்சு. கல்லு ஜாஸ்தியா இருக்குற தூரப் பயணத்துக்கு இப்பவும் முன்னங்காலுக்கு பூட்ஸ் போட்டுத் தான் போறேன்.