கட்டத்தில் இரண்டு எண்: அணுவுக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?

வட சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். கதவில் 'புது எண் 23, பழைய எண் 11' என்று எழுதியிருக்கும். எதைப் பிடித்துப் போவது என்று முக்குக்கடையில் கேட்டுத்தான் ஆக வேண்டும். காசிமேட்டில் ஒரு மொட்டை மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தனிம வரிசை அட்டவணையை விரித்ததும் அவர்கள் தடுமாறுவது இதே இடத்தில்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்.

படி 1: சின்ன எண்ணைப் பிடியுங்கள்

சோடியத்தைப் பாருங்கள்: 11, 22.99. எந்த எண் மேலே, எது கீழே என்பது சார்ட்டுக்குச் சார்ட் மாறும், இடத்தை நம்பாதீர்கள். சின்னதாக, முழு எண்ணாக இருப்பது அணு எண், அதாவது அணுவின் மையத்தில் உள்ள நேர்மின் துகள்களான புரோட்டான்களின் எண்ணிக்கை. சோடியத்தில் 11 புரோட்டான். அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை என்பதால் எதிர்மின் துகளான எலக்ட்ரானும் 11.

படி 2: கழியுங்கள்

பெரிய எண் அணு நிறை. ஏறக்குறைய அது புரோட்டானும், மின்சுமை இல்லாத நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை. 22.99-ஐ 23 ஆக்கி 11-ஐக் கழித்தால் 12 நியூட்ரான். சரி, குளோரின்? அணு எண் 17, நிறை 35.5. "அக்கா, பதினெட்டரை வருது" என்றாள் ஒருத்தி. கணக்கு சரிதான், ஆனால் அரை நியூட்ரான் எங்கேயும் கிடையாது. இயற்கையில் நான்கு குளோரின் அணுக்களில் ஏறக்குறைய மூன்றின் நிறை எண் (புரோட்டான் + நியூட்ரான்) 35, ஒன்றுக்கு 37. 35 + 35 + 35 + 37 = 142. நான்கால் வகுத்தால் 35.5. அது வெறும் சராசரி. நிறை எண் 35 என்றால் 18 நியூட்ரான், 37 என்றால் 20. ஒரே தனிமத்தின் இந்த இரண்டு வகைகளைத்தான் ஐசோடோப்பு என்கிறோம்.

படி 3: எலக்ட்ரான்களை உட்கார வையுங்கள்

அணுவின் மையத்தைச் சுற்றி எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கும்; ஒவ்வொரு அடுக்கும் ஒரு கூடு. முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதிலும் இப்போதைக்கு 8. சோடியம் 2, 8, 1. குளோரின் 2, 8, 7.

பொட்டாசியத்துக்கு (19) வருடம் தவறாமல் யாராவது 2, 8, 9 என்று எழுதுவார்கள். மூன்றாவது கூடு 18 வரை தாங்கும் என்று வாதமும் செய்வார்கள். தாங்கும்தான், ஆனால் கடைசிக் கூடாக இருக்கும்வரை 8-க்கு மேல் ஏறாது. மிச்சம் ஒன்று அடுத்த கூட்டுக்குப் போகும்: 2, 8, 8, 1.

படி 4: அட்டவணையையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள்

எனக்குப் பிடித்த படி இதுதான். பொட்டாசியம் நாலாவது கிடை வரிசையில் இருக்கிறது, அதனால் நான்கு கூடு. முதல் தொகுதி (மேலிருந்து கீழாகப் போகும் வரிசை), அதனால் கடைசிக் கூட்டில் 1. 2, 8, 9 என்று எழுதியவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்கு 10-ஐக் கழிக்க வேண்டும். குளோரின் 17-ஆவது தொகுதி, வெளிக்கூட்டில் 7. ஹீலியம் மட்டும் விதிவிலக்கு: 18-இல் உட்கார்ந்திருந்தாலும் அதனிடம் இருப்பது 2 தான். பழைய சார்ட்டில் 17-க்குப் பதில் ரோமன் எண்ணில் 'ஏழு ஏ' என்றிருக்கும். இங்கேயும் புது எண், பழைய எண்! கழிக்கிற வேலை மிச்சம் என்பதால் என் ஓட்டு பழைய எண்ணுக்கே.

நடுவில் உள்ள இரும்பு, தாமிரத்தை இப்போது தொடாதீர்கள். அங்கே மூன்றாவது கூடு மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். 20 வரை போதும்.

அப்புறம், சோடியம் அந்த ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டால் 2, 8 என்றாகிவிடும். குளோரின் 2, 8, 8. இரண்டுக்கும் வெளிக்கூடு நிறைந்துவிட்டது. எங்கள் தெருவில் கருவாட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பு இதுதான். மீன் முள்ளில் இருக்கும் கால்சியத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்: 20, 40.08. கடைசிக் கூட்டில் 2 வராவிட்டால் படி 3-க்குத் திரும்புங்கள்.