உழைப்பவர்களின் அன்றாட வாழ்வை ஓவியமாக வரையும் முறை

எளிய உழைப்பாளிகளின் அன்றாட வாழ்வை வரைய விரும்புவோர், தூரிகையைத் தொடுமுன், வரையப்போகும் வேலையை அது தொடங்குவதிலிருந்து முடியும்வரை ஒருமுறையேனும் அருகிருந்து பார்க்க வேண்டும். வேலை செய்பவர் இசைந்தால், அந்தச் சுமையைத் தாமே தூக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. பாரம் எங்கே இறங்குகிறது, எந்தக் கால் அதைத் தாங்குகிறது, எந்தத் தோள் அதற்காகச் சரிகிறது என்பது தெரியாமல் வரைந்த உருவத்தின் கையில் கருவி இருக்கும், உடலில் வேலை இருக்காது.

பயிற்சிக் கோட்டோவியங்களில் முகத்தை விட்டுவிட்டு, முதுகு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றின் வளைவுகளை மட்டும் சில கோடுகளில் பிடியுங்கள். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த, அறுவடைக்குப் பின் சிந்திய கதிர்களைப் பொறுக்கும் மூன்று பெண்களின் ஓவியத்தில் முகங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. இருவர் முழுதாகக் குனிந்திருக்க, மூன்றாமவர் பாதி நிமிர்ந்து நிற்கிறார். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்த வலி அந்த முதுகுகளிலேயே தெரிகிறது.

அடுத்து, யாரை எங்கே நிறுத்துவது என்பது. 1745இல் பிறந்த கொரிய ஓவியர் கிம் ஹாங்டோவின் 25 ஓவியங்கள் கொண்ட தொகுப்பு இதற்குச் சிறந்த பாடம். அவற்றில் பலவற்றுக்குப் பின்னணியே கிடையாது; மனிதர்கள் நிற்கும் நிலையே இடத்தை உணர்த்திவிடுகிறது. கதிரடிக்கும் ஓவியத்தில் கூலியாட்கள் கட்டுகளை ஓங்கி அடிக்க, மேற்பார்வையாளர் பாயில் சாய்ந்து புகைக்குழாயுடன் பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்போர் ஓவியத்தில் எல்லோரும் மல்லர்களைப் பார்க்க, மிட்டாய் விற்பவர் மட்டும் வேறு பக்கம் பார்க்கிறார். மற்றவர்களுக்குப் பொழுதுபோக்கான அந்த நேரம் அவருக்கு வேலை நேரம். உங்கள் படத்திலும் இப்படி வேறு கவனத்தில் இருக்கும் ஒருவரைத் தேடிச் சேருங்கள். அவரை மனத்தில் கற்பிக்காமல், நேரில் கண்டு வரைவது முக்கியம்.

உடைகளைப் புத்தம் புதியவை போல வரைய வேண்டாம். சுமப்பவரின் தோளிலும் மண்டியிடுபவரின் முழங்காலிலும் துணி முதலில் நைந்துபோகும். ஒட்டுத்துணியும் கசங்கலும் அங்கேதான் வர வேண்டும்.

வண்ணம் தீட்டுமுன், பென்சில் படத்தை அந்த வேலையைச் செய்பவரிடமே காட்டுங்கள். பிடியைச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும், அந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்று அவர் சொல்லும் திருத்தத்தை அவர் எதிரிலேயே அழித்து வரைந்து, அவர் சரி என்ற பிறகே வண்ணத்தைக் கரையுங்கள்.