கீபோர்டில் டோன் மாற்றும்போது ஒலி அறுந்துபோவது ஏன்?

பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடத்தில், கீபோர்டில் வாசிக்கும் வயலின் ஒலி சட்டென்று வெட்டுப்படும். ஒரு கணம் வெறுமை. அதன் பிறகே புல்லாங்குழல். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை ஆடித் திருவிழா மேடைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். "கீபோர்டு பழசு" என்று வாசிப்பவர் சொல்வார். அது பாதி உண்மைதான்.

இந்தக் கருவிகள் நிஜ வாத்தியங்களிலிருந்து பதிவு செய்த ஒலியலைகளை நினைவகத்தில் வைத்திருக்கின்றன. வயலின், குழல் என்று ஒவ்வொரு வாத்திய ஒலியும் ஒரு டோன். டோனை மாற்றினால் அலை மட்டும் மாறுவதில்லை. அதற்குரிய ரிவர்ப் (எதிரொலிப்பு), கோரஸ் (பலர் சேர்ந்து வாசிப்பது போன்ற தடிப்பு) போன்ற எஃபெக்டுகளும் மாறுகின்றன. பல கருவிகளில் எல்லா டோன்களுக்கும் பொதுவாக ஒரே எஃபெக்ட் தொகுதிதான் உண்டு. புதிய டோனுக்காக அதை மறுபடி அமைக்கும்போது பழைய டோனின் கார்வை அறுந்துவிடுகிறது. பழைய ஒலி தானாகத் தேய்ந்து அடங்கும்வரை விட்டுவைக்கும் வசதி, 2011இல் வந்த கோர்க் க்ரோனோஸிலும் 2016இல் வந்த யமஹா மோன்டாஜிலும் இருக்கிறது. அந்த மோன்டாஜிலும்கூட எட்டுப் பார்ட்டுகளுக்கு (ஒரே அமைப்பில் சேர்க்கும் தனித்தனி ஒலிகள்) மேல் அடுக்கினால் அந்த வசதி கிடைக்காது. விலை உயர்ந்த கருவி வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

என் கணக்கில் பெரிய தவறு, பாட்டின் நடுவே டோனை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பது. இடப்பக்கக் கட்டைகளில் வயலின், வலப்பக்கக் கட்டைகளில் குழல் என்று ஸ்ப்ளிட் செய்து (பிரித்து) ஒரே அமைப்பாகச் சேமித்துவிட்டால் எஃபெக்ட் மாறவே மாறாது. கை இடம் மாறினால் போதும். கானாவுக்கு இதுவே சிறந்த வழி. பாடகர் அடுத்த அடியை எப்போது எடுப்பார் என்பது மேடையில் அவருக்கே அப்போதுதான் தெரியும். பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காலைக் கவனியுங்கள். பழைய ஒலியை விட்டுவைக்கும் கருவியில் சுரத்தை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடியே டோனை மாற்றினால், குழலுக்கு அடியில் வயலின் ஓடிக்கொண்டே இருக்கும். பாலிஃபோனியும், அதாவது கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் கையிருப்பும், கரையும். ஸ்டீரியோ பியானோ ஒரு சுரத்துக்கு இரண்டு குரல்களை எடுத்துக்கொள்ளும். அதன் மேல் ஸ்டீரியோ ஸ்டிரிங்ஸ் அடுக்கினால் நான்கு. 64 குரல் கருவியில் 16 சுரங்களோடு கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பழைய சுரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

சுருதி விஷயம் இன்னும் சங்கடமானது. பாடகருக்கு ஒரு கட்டை, பாடகிக்கு ஐந்தரைக் கட்டை என்று டிரான்ஸ்போஸ் செய்து (கருவியின் சுருதியை ஏற்றி இறக்கி) வாசிக்கிறோம். பாட்டின் நடுவே, சேமித்த அமைப்பை மொத்தமாக வரவழைக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் பொத்தானைத் தட்டினால், அதில் முன்பு சேமித்திருந்த டிரான்ஸ்போஸ் அளவும் கூடவே வந்துவிடும். பாடகி ஐந்தரையில் நிற்க, கீபோர்டு ஒன்றுக்குத் தாவும். யமஹாவின் பல பிஎஸ்ஆர் மாடல்களில் இதைத் தடுக்கவே ஃப்ரீஸ் என்ற வசதி இருக்கிறது; டிரான்ஸ்போஸையும் தாளத்தையும் அதில் பூட்டி வைக்கலாம். ஏனோ பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஒலி அளவை வீட்டில் ஹெட்போனில் சமன் செய்வதும் வீண்வேலை. தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஷெனாயும் சாக்ஸபோனும் காதைக் கிழிக்கும். மேடையில் ஒருமுறை எல்லா டோனையும் வரிசையாக வாசித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

சரிசெய்த கையோடு சேமித்தும் விடுங்கள். பெரும்பாலான கருவிகளில் அடுத்த டோனுக்குப் போனாலே சேமிக்காத திருத்தம் அழிந்துவிடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கீபோர்டு அணைந்து மறுபடி எழும்போதும் இதே கதிதான். பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அதைக் கீபோர்டிலேயே செருகி வைக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.