ரெலிகேட் ஆனவர் மறுதேர்வுக்குத் தயாராவது எப்படி?

இராணுவப் பயிற்சியில் ஒரு தேர்வில் தவறி, தம்முடன் வந்தவர்கள் முன்னே செல்லத் தாம் மட்டும் அடுத்த பேட்சுடன் சேர்க்கப்படுவதை 'ரெலிகேட்' ஆவது என்று பயிற்சி மையங்களில் சொல்வார்கள். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சிப்பாயாகப் பயிற்சி பெறுபவருக்கும் இது நேரலாம். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சியில் இருக்கும் கேடட்டுக்கும் நேரலாம். நண்பர்கள் கசம் பரேடில் உறுதிமொழி எடுக்கும் நாளில் அணிக்கு வெளியே நிற்பதன் வலி எனக்குத் தெரியும். கயிறேற்றத்தில் இரண்டு முறை தவறிய பிறகே நான் தேறினேன். அந்த வலி தணியட்டும் என்று காத்திருக்காமல், தவறிய அன்றே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அன்று இரவு படுக்குமுன் ஒரு நோட்டுப்புத்தகத்தில், தேர்வின் எந்த நொடியில், உடலின் எந்த உறுப்பு கைவிட்டது என்பதை எழுதிவிடுங்கள். "எனக்கு ஸ்டாமினா போதாது" என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. "மூன்றாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, அதன்பின் நடந்தேன்" என்று எழுதினால் மறுநாள் காலை என்ன செய்யவேண்டும் என்பது அதிலேயே இருக்கும். இரண்டு நாள் கழித்து எழுதினால் நினைவில் வெட்கம்தான் மிஞ்சியிருக்கும், விவரம் கலைந்துபோயிருக்கும்.

பலர் தவறுவது பி.பி.இ.டி. எனப்படும் போர்க்கால உடல்திறன் தேர்வில். முழுச் சுமையும் துப்பாக்கியுமாக 5 கிலோமீட்டர் ஓடவேண்டிய இந்தத் தேர்வில், 30 வயதுக்கு உட்பட்டவர் 28 நிமிடத்துக்குள் வந்தால் தேறலாம் என்பது நெடுநாள் வழக்கிலிருந்த அளவு. அளவுகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் இப்போதைய கணக்கை உஸ்தாதிடம், அதாவது பயிற்றுநரிடம், கேட்டுக்கொள்ளுங்கள். 28 நிமிடம் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 36 நொடி. ஆனால் தவறியவர்களில் அநேகர் முதல் கிலோமீட்டரைக் கூட்டத்தோடு கூட்டமாக நாலரை நிமிடத்தில் ஓடிவிட்டு, கடைசியில் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் இன்னும் வேகமாக ஓடப் பழகவேண்டியதில்லை. முதல் கிலோமீட்டரில் நிதானமாக ஓடப் பழகவேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நேரத்தைக் குறித்துத் தரும்படி ஒரு நண்பரிடம் கேளுங்கள். வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரத்தில் இருப்பதால், இராமநாதபுரம் போன்ற சமவெளியிலிருந்து வந்தவருக்கு முதல் சில வாரங்கள் மூச்சு முட்டுவது இயல்பு. அந்த வாரங்களின் ஓட்டத்தை வைத்து உங்கள் தகுதியை முடிவுசெய்யாதீர்கள்.

கயிறேற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் இதில் தவறான பாடத்தையே கற்றுக்கொள்கிறார்கள். பாதிக் கயிற்றில் கை நழுவியதும் கையில் வலுவில்லை என்று முடிவுகட்டி, தினமும் பீம் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் பயிற்சி) எடுக்கத் தொடங்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டாம் முறையும் அதே உயரத்தில்தான் நழுவினேன். பிறகு ஒரு ஹவில்தார் என் கையைப் பார்க்காமல் காலைப் பார்த்துவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் காட்டச் சொன்னார். வலது பூட்ஸின் மேல்தோலில் கயிறு உரசிய தடமே இல்லை. கயிற்றை ஒரு பூட்ஸின் மேற்புறத்தில் கிடத்தி, மற்ற பூட்ஸின் அடியால் அழுத்திப் பூட்டினால் உடலின் பாரம் முழுவதும் காலுக்கு இறங்கிவிடும். கை அடுத்த பிடியைத் தேடினால் போதும். தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே தொங்கியபடி, பூட்டுவதும் அவிழ்ப்பதுமாக ஒரு வேளைக்கு இருபது முறை பழகினேன். பத்து நாளில் பூட்ஸில் தடம் விழுந்தது.

துப்பாக்கி சுடுதலில் தவறியவருக்கு அவருடைய டார்கெட் தாளே ஆசிரியர். "மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் ட்ரிகர் ஆபரேஷன்" என்று, அதாவது உறுதியான பிடி, சரியான குறி, சரியான விசை இழுப்பு என்று வகுப்பில் மனப்பாடம் செய்த மூன்றில் எது தவறியது என்பதைத் தோட்டா துளைத்த இடங்கள் சொல்லும். துளைகள் நெருக்கமாக விழுந்து, நடுவிலிருந்து தள்ளியிருந்தால் உங்கள் சுடும் முறை நன்றாகவே இருக்கிறது. ஜீரோயிங்கை, அதாவது துப்பாக்கியின் குறிகாட்டி அமைப்பை, சரிபார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் மூச்சை அடக்காமல் சுட்டிருப்பீர்கள். நான்கு நெருங்கி ஒன்று மட்டும் விலகினால், அந்த ஒன்றில் சத்தத்துக்கு அஞ்சி விசையைச் சுண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு உஸ்தாத் முன்னிலையில், தோட்டா அறை காலி என்று சோதித்த துப்பாக்கியின் முனையருகே ஒரு நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை இழுத்துப் பழகுங்கள்.

காயத்தை மறைத்துக்கொண்டு பழகுவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது, ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால், அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். மீண்டும் ரெலிகேட் ஆவோமோ என்று அஞ்சி எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவ அறைக்குப் போகாமல் ஓடுபவர், சில வாரங்களில் ஆறக்கூடிய விரிசலை முறிவாக்கிக்கொள்கிறார். தயவுசெய்து அன்றே காட்டுங்கள்.

வீட்டுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். "கயிறு ஏறுவதில் தவறிவிட்டேன் அம்மா, இன்னும் சில மாதம் கூடுதலாக இருக்கவேண்டும், உடம்பு நன்றாக இருக்கிறது" என்ற அளவில் சொன்னால் போதும். ஊரார் வாயிலாக அவர்களுக்குத் தெரியவந்தால் உங்களை நினைத்து அவர்கள் இரட்டிப்பாகக் கலங்குவார்கள். புதிய பேட்சில் உங்களைவிட இளையவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கால் பூட்டுவதைக் கற்றுக்கொடுங்கள். பிறருக்கு விளக்கும்போதுதான் நம் பிடியில் உள்ள பிழையும் நமக்குப் புலப்படுகிறது.

மறுதேர்வுக்கு முந்தின நாள் கடும் பயிற்சி வேண்டாம். புதிய பூட்ஸும் வேண்டாம். காலுக்குப் பழகிய பூட்ஸையே துடைத்து வைத்து, காலுறையில் மடிப்பு விழாதபடி அணிந்து பார்த்து, நோட்டுப்புத்தகத்தில் தவறிய அன்று எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள்.