உச்சி மாநாட்டுச் செய்தியைப் பார்த்து விலை பேசாதீர்கள்

மாநாடு முடிந்து, தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்ட மறுநாள் காலையில் கிருஷ்ணகிரி மாங்கூழுக்கோ ஓசூர் ரோஜாவுக்கோ வெளிநாட்டில் விழும் சுங்க வரி ஒரு பைசாகூடக் குறைந்திருக்காது. ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தவறு, அழைப்பையே சேர்க்கை என்று எடுத்துக்கொள்வது. இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பான பிரிக்ஸ், 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் ஆறு நாடுகளை உறுப்பினராகச் சேர அழைத்தது. அவற்றில் ஒன்றான அர்ஜென்டினாவில் ஆட்சி மாறியது. டிசம்பரிலேயே 'நாங்கள் வரவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இடைவெளி இன்னும் நீளம். வடக்கு மாசிடோனியா 2005-லேயே வேட்பாளர் நாடு. கிரீஸின் ஆட்சேபத்துக்காக 2019-ல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டது. அடுத்து பல்கேரியா குறுக்கே நின்றது. ஒவ்வொரு படிக்கும் 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும், ஒன்று மறுத்தாலும் வண்டி நகராது. மாநாட்டு அறிக்கை கைக்கு வந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள். 'வரவேற்கிறோம்', 'கவனத்தில் கொள்கிறோம்' என்பதெல்லாம் மரியாதைப் பேச்சு. 'முடிவு செய்கிறோம்' என்று இருந்து, தேதியும் இருந்தால் மேலே படிக்கலாம்.

அடுத்தது, எல்லாக் கூட்டமைப்பையும் ஒரே தராசில் நிறுத்துவது. பிரிக்ஸுக்குச் சுங்க ஒப்பந்தமே கிடையாது. 2024-ல் ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேர்ந்ததற்கும் அங்கே நமக்குக் கிடைக்கும் வரிச் சலுகைக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சலுகை 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்தியா–அமீரக இருதரப்பு ஒப்பந்தத்தால் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சுங்க ஒன்றியம், அதாவது வெளிச் சரக்குக்கு எல்லா உறுப்பு நாட்டிலும் ஒரே வரி. அங்கே கதை வேறு. 2013 ஜூலை 1-ல் குரோவேசியா உள்ளே போன அன்றே ஒன்றியத்தின் பொது வரிப் பட்டியல் அதற்கும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11-வது உறுப்பினரானது. ஆனால் 2010-ல் அமலுக்கு வந்த இந்தியா–ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தில் பெயர் பெயராகக் கையெழுத்திட்டவை அன்றைய பத்து நாடுகள்தான். புது நாடு அதிலும் தனியாகச் சேர்ந்தால்தான் சலுகை.

கையெழுத்து நாளையும் அமலாகும் நாளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில், தடையற்ற வர்த்தகத்துக்கான சட்டக ஒப்பந்தம் (பின்னால் பேசி முடிப்பதற்கான வரைச்சட்டம்) 2004-ல் கையெழுத்தானது. இருபது ஆண்டு கடந்தும் வரிச் சலுகை வரவில்லை. தெற்காசிய நாடுகளின் சார்க் இதற்குத் தலைகீழ். 2014-க்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை, ஆனாலும் அதன் வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா செத்துவிடவில்லை.

இனி காகித வேலை. பணம் கரைவது இங்கேதான். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். எண்ணில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது என்றாலும், ஒரே சரக்கை எந்த எண்ணில் வைப்பது என்பதில் தகராறு வரும். மாங்கூழையே பாருங்கள்: நம் பட்டியலில் 0804 50-க்குக் கீழ் இருக்கிறது. வாங்கும் நாட்டுச் சுங்கம் அதைப் பதப்படுத்திய பழம் என்று 2008 என்ற எண்ணின் கீழ் வைப்பதும் உண்டு. எண் மாறினால் வரி மாறும், சில சமயம் சலுகையே பறிபோகும். ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே, அவர்கள் ஊரில் எந்த எண் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே எண்ணும் அதே சரக்கு விவரமும் இன்வாய்ஸிலும், சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழிலும் வார்த்தை பிசகாமல் இருக்க வேண்டும்.

ஆசியான் நாடுகளுக்கு அந்தச் சான்றிதழ் 'ஏ.ஐ.' படிவம். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்த சரக்கென்றால், எஃப்.ஓ.பி. மதிப்பில் (கப்பலில் ஏற்றி முடிக்கும் வரையிலான விலையில்) குறைந்தது 35% இங்கே சேர்ந்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருளின் ஆறு இலக்க எண்ணிலிருந்து சரக்கின் எண்ணும் மாறியிருக்க வேண்டும். இங்கேயே விளைந்த பெங்களூரா மாம்பழத்துக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. ரோஜாக் கன்று ஹாலந்திலிருந்து வந்ததாயிற்றே என்று பயப்படவும் வேண்டாம், ஓசூரில் வளர்ந்து ஓசூரில் வெட்டிய பூ இந்தியப் பூதான்.

ஆசியானுக்குப் போகும் கன்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறினால் ஒன்றைக் கவனியுங்கள். இலங்கை இந்தியா–ஆசியான் ஒப்பந்தத்தில் இல்லை. இங்கே ஏற்றியதிலிருந்து கடைசித் துறைமுகம் வரை ஒரே 'த்ரூ பில் ஆஃப் லேடிங்' (முழுப் பயணத்துக்குமான கப்பல் சரக்கு ரசீது) இருக்க வேண்டும். கொழும்பில் இறக்கி ஏற்றியதைத் தவிர சரக்கை யாரும் தொட்டிருக்கக் கூடாது.