குளிரில் உறைந்த தண்ணீர்க் குழாயை இளக்க

கனடா போன்ற நாடுகளில் வெளியே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறையத் தொடங்கலாம். ஒரு டேப்பில் மட்டும் தண்ணீர் வரவில்லையா? அடைப்பு பெரும்பாலும் அதற்குப் போகும் கிளைக்குழாயில்தான். வீடு முழுக்க வரவில்லை என்றால் மீட்டர் பக்கமோ, தெருவிலிருந்து வரும் குழாயிலோ இருக்கும், நகராட்சியை அழையுங்கள்.

முதல் வேலை, மெயின் வால்வு எங்கே என்று தெரிந்துகொள்வது. குழாயில் விரிசல் விழுந்திருந்தால் பனி இளகும்போதுதான் ஒழுகும். உடனே மூட வேண்டிவரும்.

அடுத்து, உறைந்த டேப்பைத் திறந்தே வையுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பனிக்கட்டிக்கும் மூடிய டேப்புக்கும் நடுவே சிக்கும் தண்ணீரின் அழுத்தம்தான் குழாயைப் பிளக்கிறது. ஹேர் டிரையரை டேப் பக்கமிருந்து அடைப்பை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் சூடேற்றினால் உருகிய நீருக்குப் போக்கிடம் இருக்காது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தால் மின்கருவியே வேண்டாம், வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். நெருப்பு கூடவே கூடாது: சுவருக்குள் மரச்சட்டம் பற்றிக்கொள்ளும், பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும்.

சொட்ட ஆரம்பித்ததும் டேப்பை மூடிவிடாதீர்கள். ஓடும் தண்ணீரே மிச்சப் பனியைக் கரைக்கும்.