எம்ஜிபி காரின் ஸ்டீயரிங் பாகங்களைப் புதுப்பிக்கும் முறை

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது எளிமையான ரேக்-பினியன் ஸ்டீயரிங் (ஸ்டீயரிங் சக்கரத்தோடு சுழலும் பினியன் என்ற சிறு பல்சக்கரம், ரேக் என்ற பல் வெட்டிய தண்டை இடவலமாக நகர்த்தும் அமைப்பு). பொறுமையுள்ளவர் அதை வீட்டிலேயே பிரித்துச் சீராக்கிவிடலாம். ஆனால் எந்தப் பாகத்தை மெருகேற்றலாம், எதைத் தயங்காமல் மாற்ற வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். உயிரைச் சுமக்கும் பாகங்களில் பளபளப்புக்கு இரண்டாம் இடம்தான்.

காரை ஜாக்கின் மேல் விடாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஸ்டீயரிங் தண்டும் பினியனும் சேரும் இடத்தில் பெயிண்டால் அடையாளமிட்டு, ரேக்கை முன்சக்கரங்களின் பக்கம் இணைக்கும் டை ராட் தண்டுகளின் முனைகளில் வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொண்ட பிறகே எதையும் கழற்ற வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தை இழுக்கும்போது நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு மரை விட்டுவைத்தால், அது திடீரென்று கழன்று முகத்தில் மோதாது.

ரேக்கின் முனைகளை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கும். பல் பகுதியில் துருக்குழி தென்பட்டால் அந்த ரேக்கைக் காப்பாற்ற முயலாதீர்கள். நேராக ஓட்டும்போதே அதிகம் உழைப்பதால் பற்கள் நடுவில்தான் தேயும். நடுவிலுள்ள தளர்வைப் போக்க ஷிம் எனும் மெல்லிய இடைத்தகட்டைக் குறைத்து இறுக்கினால், சக்கரத்தை முழுவதும் திருப்பும்போது தேயாத ஓரப் பற்கள் பிடித்துக்கொள்ளும். அப்போதும் ரேக்கை மாற்றுவதே வழி.

ஸ்டீயரிங் ஆர்ம் (டை ராட் இணையும், சக்கரத்தைத் திருப்பும் கை), டை ராட் ஆகியவற்றைக் கம்பி பிரஷால் துருநீக்கி, விரிசல் காட்டும் சாயத்தைப் பூசிச் சோதியுங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தப் பாகம் குப்பைக்குத்தான். வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவதும் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. கண்காட்சிக் கார்களில் இவற்றுக்குக் குரோம் முலாம் பூசியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அமிலக் குளியலிலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் உறுதிமிக்க எஃகுக்குள் ஊடுருவி அதை நொறுங்குதன்மை உடையதாக்கிவிடும். அதன்பின் முன்னறிவிப்பின்றி அது முறியலாம். நல்ல பிரைமரும் கறுப்பு எனாமலும் போதும். டை ராட் முனையிலுள்ள பந்து மூட்டான பால் ஜாயிண்டின் கூம்புப் பரப்பிலும் அது அமரும் துளையிலும் மட்டும் பெயிண்ட் படக்கூடாது.

தொடக்ககால எம்ஜிபியின் கம்பி ஆரங்கள் கொண்ட பெரிய ஸ்டீயரிங் சக்கரத்தில் பிளாஸ்டிக் விளிம்பு வெடிப்பது வழக்கம். வெடிப்பை வி வடிவத்தில் அகலப்படுத்தி, பல்லாண்டு கை எண்ணெயைக் கரைப்பானால் துடைத்து, எபாக்சி பசையைச் சற்று மேடாக நிரப்புங்கள். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, 80, 240, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்த பின் பிரைமரும் பெயிண்டும் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். இந்த வேலையில் மட்டும் அழகுக்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

பொருத்தும்போது லாக் நட்டுகள், ரப்பர் பூட்கள் எல்லாம் புதியனவாக இருக்கட்டும். எண்ணெய் நிரப்பும் வகை ரேக்கில் கிரீஸ் அடைக்காதீர்கள். அது ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு அங்கேயே தங்கிவிடும். இ.பி. 90 எனும் கியர் எண்ணெய் சுமார் 200 மி.லி. ஊற்றி, சக்கரத்தை இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பரவச் செய்யுங்கள். ரேக்கை நடுவில் நிறுத்தி, இரு டை ராடுகளையும் சம நீளத்தில் வைத்து, டோ-இன் அளவை (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவை) 1.5 முதல் 2.3 மி.மீ.க்குள் அமையுங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வொரு நட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.